வியாழக்கிழமை க்ளாஸ் கிடையாது

“நான் என்ன தப்பு பண்ணேன் மாஸ்டர்?”

மச்சாது கேட்டார். மற்றவர்கள் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள். செல்வி மாஸ்டர் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். ஜிப் பாதியில் நின்றது.

“எப்ப?”

“தெரியல. என்னமும் பண்ணியிருப்பேன். இல்லாட்டி க்ளாஸ ஏன் நிறுத்துறீங்க?”

“நிறுத்தல அண்ணாச்சி. குறைக்கிறேன்.”

“ஆறு நாள் இருந்தது ஒரு நாள் ஆகுது.”

“ஆமா.”

“அதுக்குப் பேரு நிறுத்துறதுதான?”

“ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பாருங்க. நான் இங்கதான் நிப்பேன்.”

“மத்த ஆறு நாளும்?”

“மத்த ஆறு நாளும் விடியும்.”

ஜிப் மேலே ஏறியது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் போய்விட்டார்.

*

மச்சாதுக்கு வயது ஐம்பத்து நான்கு. தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர். அவருடைய கராத்தே மாஸ்டருக்கு முப்பத்தேழு வயது. முழுப்பெயர் ஆவுடைச்செல்வி. பெண் என்பதால் ஆரம்பத்தில் சிலர் மேடம் என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. மாஸ்டர் என்று கூப்பிட்டபோது திரும்பினார். பிறகு எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் திங்கள் முதல் சனி வரை காலை ஐந்தரைக்கு க்ளாஸ். மழை பெய்தாலும் உண்டு.

மச்சாது கராத்தே கற்றுக்கொள்ளலாம் என்று அங்கே வந்தவரில்லை. இரண்டே கால் வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், முந்தின நாள் குடித்தது இறங்காமல், வீட்டுக்குப் போகவும் முகமில்லாமல், அந்த மைதானத்தின் குட்டைச் சுவரில் வந்து உட்கார்ந்தார். உள்ளே வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

செல்வி மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

“சுவர்ல உக்காரக் கூடாது. இறங்கி நில்லுங்க.”

“எங்க?”

“கடைசி வரிசையில இடம் இருக்கு.”

இறங்கி நின்றார். கீழே விழுந்தார். எழுந்து நின்றார்.

கிளம்பும்போது மாஸ்டர் சொன்னார்: “நாளைக்கு வாயில வாடை இருந்தா உள்ள விட மாட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அன்று சாயங்காலம் மதுக்கடைத் திருப்பம் வந்தபோது மச்சாது தனக்குள் சொல்லிக்கொண்டார்: காலையில் க்ளாஸ் இருக்கிறது.

மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டார். அதற்கு மறுநாளும். இருபத்தேழு மாதமாக அவரிடம் இருந்த மருந்து அந்த மூன்று வார்த்தைதான்.

இனி அது இல்லை.

*

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்தது. பல் துலக்கினார். வெள்ளைச் சீருடையைப் போட்டு இடுப்பில் பெல்ட்டைக் கட்டி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவி அமலோற்பவம் எழுந்து வந்து விளக்கைப் போட்டாள்.

“போகலயா?”

“க்ளாஸ் இல்ல.”

“இன்னைக்கு மட்டுமா?”

“இனிமே ஞாயித்துக்கிழமைதானாம்.”

மேஜை மேலிருந்த தம்ளரை எடுக்கிற மாதிரி அவர் பக்கத்தில் வந்தாள். குனிந்தாள். ஒரே ஒரு முறை மூச்சை உள்ளே இழுத்தாள்.

எதற்கு என்று அவருக்குத் தெரிந்தது.

தம்ளரை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். தம்ளர் ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

*

செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே கடற்கரைக்குப் போனார். தனியாகச் செய்து பார்க்கலாமே என்று.

கராத்தே அசைவுகளின் வரிசையில் முதல் திருப்பம் சரியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கடலைப் பார்த்து நிற்க வேண்டியவர் கருவேலங்காட்டைப் பார்த்து நின்றார். எங்கே தப்பியது என்று சொல்ல ஆளில்லை. திரும்ப முதலிலிருந்து செய்தார். இந்த முறை லைட்ஹவுஸைப் பார்த்து நின்றார்.

ஒரு நாய் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து போனது.

புதன்கிழமை ஊரின் மறுகோடியில் இன்னொரு க்ளாஸுக்குப் போனார். அங்கிருந்த மாஸ்டர் நல்ல மனிதர். முழங்கையைத் தொட்டுத் திருத்தினார், முதுகில் தட்டிக் கொடுத்தார், பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு குறையும் சொல்ல முடியாது.

பாதியில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார் மச்சாது.

அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தபோது மதுக்கடைத் திருப்பம் வந்தது. அவர் வழக்கம்போல் வாயைத் திறந்தார். காலையில் க்ளாஸ்—

மிச்சம் வரவில்லை.

கடைக்கு எதிர்ப்புறம் போய் நின்றார். அரை மணி நேரம் நின்றார். உள்ளே போகிறவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு முதுகு அவருடையது மாதிரியே இருந்தது. ஒரு பஸ் வந்து அவருக்கும் கடைக்கும் நடுவில் நின்றது. பஸ் போனபோது அவரும் நடக்க ஆரம்பித்திருந்தார், வீட்டுப் பக்கமாக.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மச்சாது செல்வி மாஸ்டரின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். இதற்கு முன் அந்த வீட்டுக்கு அவர் வந்ததில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. மாஸ்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒன்பது வயது மகள் ஆதிரை, பள்ளிக்கூட யூனிஃபார்மில். மாஸ்டரின் பல்லிடுக்கில் ஒரு ரிப்பன். ஒரு கையில் சீப்பு. மறு கையில் பிள்ளையின் முடி, மூன்று கால்களாகப் பிரிந்து மூன்று திசைக்கும் நீட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, இழுக்காத.”

“இழுக்கல.”

“இழுக்குற. அப்பா இழுக்கவே மாட்டாங்க.”

உள்ளே அடுப்படியில் அவள் அப்பா சிரிக்கும் சத்தம் கேட்டது.

மாஸ்டர் ரிப்பனை வாயிலிருந்து எடுத்தார்.

“வாங்க அண்ணாச்சி. உக்காருங்க. இது இன்னும் கைக்கு வரல. நாலு நாளாத்தான் பழகுறேன்.”

மச்சாது உட்காரவில்லை.

“பாப்பா முழிக்கிறப்ப நீங்க...” என்று ஆரம்பித்தார்.

“ஒன்பது வருஷமா மைதானத்துல நின்னேன், ஞாயித்துக்கிழமைன்னா வெளியூர்ப் போட்டி. இவ கண்ணு முழிக்கிறத நான் பாத்ததே இல்ல. திங்கக்கிழமைதான் பாத்தேன்.” மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். “ஒரு கண்ணத்தான் முதல்ல திறக்கா.”

“அம்மா!” என்றாள் ஆதிரை.

இந்த வீட்டில் இதைச் சொல்லலாமா என்று மச்சாது ஒரு கணம் யோசித்தார். ஆனால் இதைச் சொல்ல அவருக்கு வேறு வீடு இல்லை.

“நேத்து நான் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன் மாஸ்டர்.”

சீப்பு நின்றது. அடுப்படிச் சத்தமும் நின்றது.

“உள்ள போனீங்களா?”

“இல்ல.”

“ஏன் போகல?”

“தெரியல.”

“தெரியாமலே இருக்கட்டும். எவ்வளவு நேரம் நின்னீங்க?”

“அரை மணி நேரம்.”

“எப்படி நின்னீங்க?”

“எப்படின்னா?”

“நின்னு காட்டுங்க.”

மச்சாது வாசலைக் கடை என்று வைத்துக்கொண்டார். வலது காலை முன்னால் வைத்து, உடம்பைச் சற்று சாய்த்து, நேற்று நின்ற மாதிரியே நின்றார். நின்றதும் தொண்டை உலர்ந்தது. நேற்றும் அப்படித்தான் உலர்ந்திருந்தது.

மாஸ்டர் முடியை மகள் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தார். அவரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சீப்பால் அவருடைய முன் முழங்காலைத் தட்டினார்.

“எடை பூராவும் இதுல இருக்கு.”

“ஆமா.”

“பின்னங்காலுக்குக் கொண்டு போங்க.”

கொண்டு போனார்.

“இன்னும்.”

இன்னும் கொண்டு போனார். முன்னங்கால் லேசானது. மாஸ்டர் ஒரு விரலை அவர் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். அவர் அசையவில்லை.

“நல்லாருக்கு,” என்றார் மாஸ்டர். திரும்பிப் போய் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து முடியை வாங்கிக்கொண்டார்.

மச்சாது அதே நிலையில் நின்றுகொண்டிருந்தார்.

“மாஸ்டர்.”

“ம்.”

“அவ்வளவுதானா?”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“வியாழன்.”

“வியாழக்கிழமை க்ளாஸ் கிடையாது அண்ணாச்சி. காபி உண்டு.”

ஆதிரை பல் தெரியச் சிரித்தாள். அவள் அப்பா காபியோடு வந்தார். அவர் மச்சாதின் முகத்தைப் பார்க்கவில்லை. தம்ளரைக் கையில் கொடுக்கும்போது மட்டும் ஒரு நொடி கூடுதலாகப் பிடித்திருந்தார்.

சடை ஒரு வழியாக முடிந்தது. காதுக்கு மேலே ஒரு பக்கம் புடைத்துக்கொண்டிருந்தது. பிள்ளை கண்ணாடியில் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“பரவாயில்லம்மா. நேத்தைக்கு இது தேவல.”

மாஸ்டர் இரண்டு கையையும் தொடையில் வைத்து மகளுக்குக் குனிந்து வணக்கம் சொன்னார்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருப்பத்தில் மச்சாதின் கால்கள் தாமாகவே போய் அதே இடத்தில் நின்றன.

முழங்காலைப் பார்த்தார். எடை முன்னால்தான் இருந்தது.

பின்னால் கொண்டு போனார். ஐஸ் கம்பெனி ஆள் ஒருவர் ரோட்டோரம் இப்படி நிற்பதை ஒரு தேங்காய் வண்டிக்காரர் வினோதமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

பின்னங்காலில் எடை இருந்தால் திரும்புவதற்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இடுப்பு கொஞ்சம் அசைந்தால் போதும். முகம் வேறு திசையில் இருக்கும்.

அந்தத் திசையில் ஒரு பழக்கடை இருந்தது. அரை டஜன் நாட்டு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

*

சனிக்கிழமை காலையிலும் நாலே முக்காலுக்கு விழிப்பு. எழாமல் கிடந்தார். ஐந்தரைக்குத் திரும்பிப் படுத்தபோது பக்கத்துப் பாய் காலியாக இருந்தது. மாடிப்படியில் பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தார். அமலோற்பவம் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக இறங்கிக்கொண்டிருந்தாள்.

“எங்க?”

“தண்ணிக்கு.”

“இந்நேரத்துக்கா?”

“செவ்வாயும் சனியும் இந்நேரத்துக்குத்தான் வரும்.”

“எப்பலேருந்து?”

அவள் படியில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“நாம இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து. முன்னெல்லாம் நீங்க நினைவில்லாமக் கிடப்பீங்க. பொறவு மைதானத்துக்குப் போயிருவீங்க.”

மச்சாது இறங்கி வந்து குடத்தைப் பிடித்தார்.

“விடுங்க. தெருவே பாக்கும்.”

“பாக்கட்டும்.”

“பொம்பளைங்க நிக்கிற இடத்துல வந்து...”

“நான் ஓரமா நிக்கேன் அமலோ.”

தெருக்குழாயில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. பிறகு யாரோ சிரித்தார்கள். அமலோற்பவமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது போலத் தோன்றியது அவருக்கு. அல்லது அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

முதல் குடத்தைத் தோளில் தூக்கிப் படியேறினார். நாலாவது படியில் பாதி கொட்டியது. கழுத்து வழியாக முதுகு முழுக்க நனைந்தது.

“தண்ணியப் பாத்துக்கிட்டே ஏறாதீங்க,” என்றாள் அவள் கீழேயிருந்து. “படியப் பாருங்க.”

இரண்டாவது குடமும் தளும்பியது.

“மூச்ச எதுக்குப் பிடிச்சு வைக்கீங்க? விடுங்க. பைய விட்டுக்கிட்டே ஏறுங்க.”

மூன்றாவது குடம் அப்படியே மேலே போய்ச் சேர்ந்தது.

பதினோரு குடம். கடைசிக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு இருவரும் மேல்படியில் உட்கார்ந்தார்கள். மச்சாதுக்குக் கால் நடுங்கியது. அவளுக்கு மூச்சு கூட வாங்கவில்லை.

அவள் சொன்னாள்.

“திங்கக்கிழமை நான் மோந்து பாத்தேன்.”

“தெரியும்.”

“கோவமா?”

“இல்ல.” அவர் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார். “புதன்கிழமை கடைக்கு எதிர்த்தாப்புல போய் நின்னேன். நேத்தும் நின்னேன். உள்ள போகல.”

அவள் எழுந்துவிடுவாள் என்று நினைத்தார். எழவில்லை.

“நீங்க அந்த க்ளாஸுக்குப் போக ஆரம்பிச்சது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?” என்றாள். “மாதா கோயில்ல அந்த மாஸ்டர் பேருக்கு மெழுகுவத்தி கொளுத்தியிருக்கேன். ஆனா ஒண்ணு தோணும். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல.”

“சொல்லு.”

“நீங்க அங்க மட்டும்தான் நல்லா இருக்கீங்களோன்னு தோணும்.”

மச்சாது அவளைப் பார்த்தார். இடுப்பில் குடம் உட்கார்ந்து உட்கார்ந்து சேலையின் அந்த இடம் மட்டும் நிறம் வெளுத்திருந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை சேலைகள் அந்த இடத்தில் வெளுத்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“வாழைப்பழம் இருக்கு, திங்கியா?” என்றார்.

“குடுங்க,” என்றாள்.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்தில் பதினான்கு பேர் நின்றார்கள். ஆறு பேர் வரவில்லை. வெயில் இன்னும் போகவில்லை. எல்லோருக்கும் காலை வேளைக்குப் பழகிய உடம்பு, கண் கூசியது.

செல்வி மாஸ்டர் எதிரே நின்றார். வணக்கம் முடிந்தது.

“ஆறு நாள் என்ன பண்ணீங்க?”

பேங்கில் வேலை பார்க்கும் ஒருவர், தினமும் மொட்டை மாடியில் ஐந்நூறு குத்து குத்தியதாகச் சொன்னார். மாஸ்டர் தலையசைத்தார். ஒரு கல்லூரிப் பெண், ஒன்றுமே செய்யவில்லை, அழுதுகொண்டிருந்தேன் என்றாள். அதற்கும் மாஸ்டர் அதே மாதிரித் தலையசைத்தார்.

“அண்ணாச்சி?”

“நான் ஒரு நாள் தண்ணி சுமந்தேன் மாஸ்டர்.”

வரிசையில் சிரிப்பு ஓடியது.

“எத்தன குடம்?”

“பதினொண்ணு. ரெண்டு குடத்துல பாதி கொட்டிட்டேன்.”

“யாரு திருத்துனா?”

“அமலோற்பவம். என் வீட்டுக்காரி.”

“என்ன சொன்னாங்க?”

“மூச்சப் பிடிச்சு வைக்காதீங்கன்னு சொன்னா.”

செல்வி மாஸ்டர் அவர் முகத்தையே பார்த்தார். வரிசையில் சிரிப்பு அடங்கியது.

“நாளைக்கும் தண்ணியா?”

“நாளைக்கு வராது மாஸ்டர். செவ்வாய்க்கிழமைதான்.”

“அப்ப நாளைக்கு?”

மச்சாது தயங்கினார். இருபத்தேழு மாதமாகக் காலை ஐந்தரைக்கு இங்கே வந்து நின்ற மனிதருக்கு அதை இத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. காது சிவந்தது.

“நாளைக்கு ரெண்டு பேரும் ஏழு மணி வரைக்கும் தூங்கலாம்னு பேசி வச்சிருக்கோம் மாஸ்டர்.”

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் என்ன சொல்வாரோ என்று எல்லோரும் பார்த்தார்கள்.

அவர் மச்சாதின் அருகே வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“எனக்கு அது இன்னும் வரல அண்ணாச்சி. அஞ்சு மணிக்கெல்லாம் முழிச்சுக்கிட்டு பிள்ள எப்ப முழிப்பான்னு பாத்துக்கிட்டே படுத்துக் கிடக்கேன். நாளைக்கு உங்களுக்கு வந்துட்டுன்னா, எப்படின்னு அடுத்த ஞாயிறு எனக்குச் சொல்லிக் குடுங்க.”